மடங்கிய மோதிர விரல்

கேள்வி: வலது உள்ளங்கையில் மோதிர விரலுக்குக் கீழே கயிறு மாதிரி தடித்திருக்கிறது. விரல் நிமிர மறுக்கிறது. நரம்பு சுண்டிவிட்டது என்கிறார்கள். எண்ணெய் போட்டு உருவினால் சரியாகுமா?
– விவசாயி, கீழ்பென்னாத்தூர்

பதில்: ஆகாது. சுண்டியது நரம்பல்ல, தசைநாணும் அல்ல. தோலுக்கும் தசைநாணுக்கும் நடுவே உள்ளங்கையில் ஒரு சவ்வு விரிந்திருக்கிறது. அதுதான் தடித்து, முடிச்சு விழுந்து, கயிறாகத் திரண்டு விரலை இழுக்கிறது. பெரும்பாலும் மோதிர விரலும் சுண்டுவிரலும்தான் இதில் மாட்டும். லண்டனில் ஹென்றி கிளைன் 1777-லேயே இதைக் கண்டு சொன்னார். 1831-ல் பாரிஸில் அறுவை செய்து விளக்கிய குய்யோம் டுபுய்ட்ரன் பெயரே நிலைத்தது: டுபுய்ட்ரன் சுருக்கம். வலுக்கட்டாயமாக விரலை இழுத்து நிமிர்த்த மட்டும் யாரையும் விடாதீர்கள்.

கேள்வி: நான் தறி நெய்பவன். நாற்பது வருஷம் நாடா இழுத்ததால் வந்ததா?
– நெசவாளர், ஆரணி

பதில்: தறியைக் குற்றம் சொல்ல ஆதாரமில்லை. பரம்பரைதான் முதல் காரணம். ஐம்பது வயது தாண்டிய ஆண்களுக்கு அதிகம் வரும். சர்க்கரை நோய், குடி, புகை மூன்றும் இதனோடு சேர்த்துப் பேசப்படுபவை. வட ஐரோப்பியரிடம் மிகுதி, நம்மிடம் குறைவு. குறைவு என்பதாலேயே இங்கே பலர் பெயர் தெரியாமல் வருஷக்கணக்கில் மடங்கிய விரலோடு இருக்கிறார்கள்.

கேள்வி: பெரிய மனிதர்கள் யாருக்காவது வந்திருக்கிறதா?
– மாணவி, செய்யாறு

பதில்: பிரிட்டன் பிரதமர் மார்கரெட் தாட்சர் 1986-ல் அறுவை செய்துகொண்டார், அவரது நண்பர், அமெரிக்க அதிபர் ரொனால்டு ரேகன் 1989-ல். இருவருமே பதவியில் இருந்தபோது.

கேள்வி: எப்போது அறுவை சிகிச்சை தேவை? ஊசியிலேயே சரிசெய்யலாம் என்கிறார்களே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், வந்தவாசி

பதில்: கையை மேசைமேல் கவிழ்த்து வையுங்கள். உள்ளங்கையும் விரல்களும் ஒட்டிப் படிந்தால் பொறுத்திருந்து பார்க்கலாம். படியாவிட்டால் மருத்துவரைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. விரலின் அடி மூட்டு 30 டிகிரி மடங்கும்வரை பொதுவாகக் காத்திருப்பார்கள். நடு மூட்டு மடங்கத் தொடங்கினால் காத்திருக்கக் கூடாது. அது இறுகிவிட்டால் கயிற்றை எடுத்த பிறகும் முழுதாக நிமிராது.

வழிகள் சில உண்டு. மரத்துப்போக ஊசி போட்டு, ஊசி முனையாலேயே கயிற்றைத் தோலுக்கடியில் அறுத்துவிடுவது ஒன்று. அன்றே வீடு திரும்பலாம். ஆனால் கயிறு உள்ளேயே இருக்கிறது. நெதர்லாந்தில் ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்தபோது, ஊசியால் அறுத்தவர்களில் நூற்றுக்கு 85 பேருக்குத் திரும்ப வந்தது, கயிற்றை வெட்டி எடுத்தவர்களில் 21 பேருக்கு. வெட்டி எடுக்கும்போது உள்ளங்கையில் வளைந்து நெளிந்து கீறுவார்கள். நேராகக் கீறினால் தழும்பே பிறகு சுருங்கி இழுக்கும். விரல் நரம்பு கயிற்றோடு பின்னிக் கிடப்பதால் கைதேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை இது. மறுபடி மறுபடி வருபவர்களுக்குத் தோலையும் சேர்த்து எடுத்து, வேறிடத்துத் தோலை ஒட்டுவார்கள்.

கயிற்றைக் கரைக்கும் நொதி ஊசிக்கு அமெரிக்கா 2010-ல் அனுமதி தந்தது. பிரிட்டனில் 672 பேரிடம் ஒப்பிட்டு 2024-ல் வெளியான ஆய்வில், ஒரு வருஷ முடிவில் அறுவையே நல்ல பலன் தந்திருந்தது. வயதும் உடல்நிலையும் இடம் கொடுத்தால், என் ஓட்டு வெட்டி எடுப்பதற்கே.

கேள்வி: காலையில் விரல் மாட்டிக்கொள்கிறது. ‘டக்’ என்று சத்தத்தோடு நிமிர்கிறது. இதுவும் அதுதானா?
– குடும்பத் தலைவி, போளூர்

பதில்: இல்லையம்மா. இது டிரிக்கர் ஃபிங்கர். தசைநாண் தன் உறைக்குள் சிக்குகிறது. பலருக்கு ஒரு ஸ்டீராய்டு ஊசியிலேயே விட்டுவிடும்.

கேள்வி: என் மாமனாரின் விரல்கள் மடங்கியிருக்கின்றன. எங்கள் பக்கம் தொழுநோய் என்று ஒதுக்குகிறார்கள்.
– வாசகி, செங்கம்

பதில்: இரண்டும் வேறு. டுபுய்ட்ரனில் உள்ளங்கையில் கயிறு தட்டுப்படும், உணர்ச்சி இருக்கும். தொழுநோயில் கயிறு இருக்காது. முழங்கையருகே நரம்பு பழுதாகி, சிறு தசைகள் செயலிழந்து விரல்கள் கொக்கிபோல் வளையும், சுண்டுவிரல் பக்கம் மரத்துப்போகும். அவர் கண்ணை மூடியிருக்கும்போது பஞ்சால் தொட்டுப் பாருங்கள். தெரியவில்லை என்றால் அரசு மருத்துவமனைக்கு அன்றே அழைத்துப் போங்கள்.

அது தொழுநோயாகவே இருந்தாலும் ஒதுக்க என்ன இருக்கிறது? மருந்து இலவசம், நோய் குணமாகும். வளைந்த விரலையும் நிமிர்த்தலாம் என்று உலகுக்குக் காட்டியதே நம் மண்தான். கொல்லிமலையில் 1914-ல் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றியபோது செங்கல்பட்டு தொழுநோய் இல்லத்துக்குப் போனார். கொக்கியாய் வளைந்த ஒரு கையைக் குலுக்கியவர், அதன் பிடியின் வலுவில் அதிர்ந்தார். வலு இருக்கிறது, தசை முழுதும் சாகவில்லை. நல்ல தசைநாணை இடம் மாற்றித் தைத்தால் என்ன? 1948-ல் வேலூரில் அறுவைகளைத் தொடங்கினார். அப்போது திருவண்ணாமலை, வேலூரைத் தலைநகராகக் கொண்ட வட ஆர்க்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. 1989-ல்தான் தனி மாவட்டம் ஆனோம். அன்றைய நம் மாவட்டத்திலேயே நடந்த இந்தச் சாதனையை அறிந்த பிறகும் ஒருவரை ஒதுக்குவது பாவம். மாமனாரோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

கேள்வி: கோயில் அருகே பூ கட்டி விற்கிறேன். அறுவை செய்தால் எத்தனை நாள் கட்ட முடியாது?
– பூ வியாபாரி, திருவண்ணாமலை

பதில்: தையல் பிரிக்க ஏறக்குறைய இரண்டு வாரம். பழைய பிடி வர ஆறு வாரம் முதல் மூன்று மாதம். தீபம் முடிந்து செய்துகொள்ளுங்கள். கட்டிய கையை முதல் சில நாள் நெஞ்சுக்கு மேலே உயர்த்தியே வைத்திருங்கள். பிசியோதெரபிஸ்ட் சொல்லும் பயிற்சியைத் தினமும் செய்யுங்கள். அதை விட்டால் பாதி பலன் போய்விடும்.

கேள்வி: எங்கே போவது?
– பலர்

பதில்: முதலில் நம் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கைக்கென்றே தனிப்பிரிவு வேண்டுமென்றால் வேலூர் சி.எம்.சி., சென்னை ஸ்டான்லி. இதைப் படித்து முடித்ததும் வீட்டில் பெரியவர்கள் எல்லாருடைய கையையும் மேசைமேல் ஒருமுறை வைக்கச் சொல்லிப் பாருங்கள்.