கூட்டுரோட்டிலிருந்து சிங்கப்பூருக்கு

வேப்பூர் கூட்டுரோட்டில் நிற்பவருக்கு உலகம் நான்கு திசையோடு முடிந்துவிடும். வடக்கே சென்னை, தெற்கே திருச்சி, கிழக்கே விருத்தாசலம் தாண்டிக் கடலூர், மேற்கே சின்னசேலம் தாண்டிச் சேலம். எந்த நேரத்தில் வந்து நின்றாலும் ஏதாவது ஒரு திசைக்குப் பஸ் வரும். இந்த ஊர்க்காரர்கள் அதனாலேயே பயணத்துக்குத் திட்டம் போட்டுப் பழகாதவர்கள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு வந்தால் பயணம் தொடங்கிவிடும்.

ஐந்தாவது திசை ஒன்று மேலே இருக்கிறது என்று பிள்ளைகள் கண்டுபிடித்ததில்தான் வினை பிடித்தது.

குடும்பத்துக்குப் பெயர் வேண்டியதில்லை. கூட்டுரோட்டில் கல்லெறிந்தால் இப்படியொரு வீட்டின் மீதுதான் விழும். மோட்டாரும் பைப்பும் விற்கும் கடைக்காரர், அரசுப் பள்ளி ஆசிரியையான அவர் மனைவி, ஆறாம் வகுப்பு மகள், ஒன்றாம் வகுப்பு மகன். வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தையில் காலமெல்லாம் தரகு பார்த்த தாத்தா, தாத்தாவையே தரகு பார்க்கத் தெரிந்த ஆயா. பறக்கப் போவது முதல் நால்வர். முடிவெடுப்பது பின்னிருவர்.

எந்த நாடு என்பதற்கே ஒரு மாதம் போனது. கடைக்காரருக்கு விசா இல்லாத நாடாக இருந்தால் தேவலை. 2023 நவம்பரிலிருந்து தாய்லாந்திலும் அடுத்த மாதத்திலிருந்து மலேசியாவிலும் இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்ற செய்தியை அவர் மறக்கவில்லை. தாய்லாந்து என்று கடையில் சொன்னதும் பக்கத்துக் கடைக்காரர்கள் ஒரு மாதிரி சிரித்தார்கள். வீட்டில் சொன்னதும் மனைவி சிரிக்கவில்லை. அந்த நாடு அத்தோடு போயிற்று. ஆயாவின் ஓட்டு மலேசியாவின் பத்துமலை முருகனுக்கு. ஆனால் 272 படி என்றதும், அதற்கு வடலூர் பக்கம் ஏதாவது சமதரையாகப் பார்க்கலாமே என்றான் பேரன். பிள்ளைகளுக்கு வேண்டியது யூனிவர்சல் ஸ்டுடியோஸ். அது இருப்பது சிங்கப்பூரின் செந்தோசாவில். விசா வேண்டும்.

சிங்கப்பூர் என்றதும் தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். 1979-ல் ‘நினைத்தாலே இனிக்கும்’ பார்த்த நாளிலிருந்து அந்த ஊர் அவருக்கு அத்துப்படி. அதற்கும் முன்னால், அவருடைய பெரியப்பா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியவர். 1926-ல் கட்டிய அந்தக் கப்பல் சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஓடியது. ஏறியவர்களில் யாரும் பிள்ளைகளை ராட்டினம் சுற்ற வைக்கப் போகவில்லை. டிரங்குப் பெட்டியோடு போய், கனத்த டிரங்குப் பெட்டியோடு திரும்பினால் அதுதான் சிங்கப்பூர். “சம்பாதிக்கப் போற ஊருக்குச் செலவு பண்ணப் போறீங்களாடா?” என்று தாத்தா கேட்ட கேள்விக்குக் குடும்பத்தில் இன்றுவரை பதில் இல்லை.

பாஸ்போர்ட் வேலை தொடங்கியதும் முதலில் அடிபட்டது மகனின் வயது. வேப்பூரில் ஒரு பிள்ளைக்கு ஒரே சமயத்தில் மூன்று நான்கு வயது இருப்பது சகஜம். அரசுப் பேருந்தில் ஐந்து வயது வரை டிக்கெட் இல்லை என்று 2022-ல் அறிவித்தார்கள். அதிலிருந்து பையன் ஐந்தைத் தாண்டவே இல்லை. பன்னிரண்டு வரை அரை டிக்கெட் என்பதால் அக்காவும் பதினொன்றிலேயே பத்திரமாக இருக்கிறாள். ரயிலில் பன்னிரண்டுக்குட்பட்ட பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம் என்று 2016-ல் ஆக்கிவிட்டார்கள். ஆயாவின் காலடியில் சுருண்டு படுத்தே அவள் மதுரை வரை பார்த்துவிட்டாள். விமானத்தில் இந்த வித்தை செல்லாது. இரண்டு வயது முடியாத குழந்தை மடியில் போகலாம். அதற்கு மேல் தனி இருக்கை, அதற்குத் தனிக் காசு. குறைந்த கட்டண விமானங்களிலோ பெரியவருக்கும் சின்னவருக்கும் விலையில் பெரிய வித்தியாசம் கிடையாது.

பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் வைத்தார்கள். சிறுவர் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1000 ரூபாய், எட்டு வயதுக்குட்பட்டவருக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி. பையனுக்கு உண்மையான வயதைச் சொல்லியே நூறு ரூபாய் மிச்சமானது குடும்ப வரலாற்றில் இதுவே முதல் தடவை. விளைவு அடுத்த வாரம் தெரிந்தது. விருத்தாசலம் பஸ்ஸில் நடத்துனரைப் பார்த்துப் பையனே முந்திக்கொண்டான்: “எனக்கு ஆறு வயசு அங்கிள், கவர்மெண்ட்டுலயே எழுதிக் குடுத்திருக்கேன்.”

உயரத்திலும் இதே கூத்து. பஸ்ஸில் நடத்துனர் வரும்போது கொஞ்சம் குனிந்து நில் என்று பழக்கிய பிள்ளை. யூனிவர்சல் ஸ்டுடியோஸின் பெரிய ரோலர் கோஸ்டரில் ஏற 125 செ.மீ. வேண்டுமாம். சமையலறைச் சுவரில் பென்சில் கோடு போட்டு, தினமும் காலையில் குதிகாலை எக்கி நின்று பார்க்கிறான். ஆயா ராகிக் கூழைக் கூட்டியிருக்கிறார்.

அடுத்தது பெயர். உண்மையான சிக்கல் இங்கேதான். நமக்குப் பெயர் ஒன்று, முன்னால் அப்பாவின் முதலெழுத்து ஒன்று, அவ்வளவுதான். பாஸ்போர்ட்டில் முதலெழுத்து செல்லாது, விரித்து எழுத வேண்டும். குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம், பெயர் என்று ஒரு கட்டம். 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருவோரை ஏற்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்த பிறகு, கட்டத்தைக் காலியாக விடவும் பயம். ஆகவே கடைக்காரர் தன் அப்பா பெயரைக் குடும்பப் பெயராக எழுதினார். மனைவி பாஸ்போர்ட்டில் அவர் அப்பாவின் பெயர். பிள்ளைகளுக்குக் கடைக்காரரின் பெயர். ஒரே வீட்டில் சாப்பிடும் நால்வருக்கு மூன்று குடும்பப் பெயர்.

இதன்படி சிங்கப்பூர் விடுதியில் கடைக்காரரை யாராவது மரியாதையாகக் கூப்பிட்டால் தாத்தாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். கடைக்காரரின் பெயரைச் சொன்னால் ஒன்றாம் வகுப்புப் பையன் எழுந்து வருவான். “அப்ப நான் போவாமலே போயிட்டு வரேன்னு சொல்லு” என்று தாத்தா குளிர்ந்துபோனார். செலவைப் பற்றிய அவருடைய முணுமுணுப்பு அன்றோடு பாதியாகக் குறைந்தது. ஆயாவுக்குத்தான் முகம் வாடியது. அவர் பெயர் எந்தக் கட்டத்திலும் இல்லை.

கடலூர் தபால் நிலையத்தில் உள்ள பாஸ்போர்ட் மையத்துக்கு வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாகப் போய்வந்த கதை சுருக்கமானது: பையனுக்கு வாந்தி, மற்றபடி சுபம். ஆசிரியைக்கு மட்டும் கூடுதலாக ஒரு சடங்கு. அரசு ஊழியர் வெளிநாடு போகத் துறையின் முன் அனுமதி வேண்டும். விடுமுறையில் போவதற்கும் விண்ணப்பம், அதற்கொரு காரணம். பிள்ளைகள் தொல்லை என்று எழுதக் கட்டம் இல்லாததால் சுற்றுலா என்று எழுதினார்.

விசா படம் எடுத்ததில் ஸ்டுடியோக்காரர் தம் கலையைக் காட்டிவிட்டார். வெள்ளைப் பின்னணி, பளபளப்பில்லாத தாள் என்று சொன்னது காதில் விழுந்தது. முகத்தைத் தொடாதே என்று யாரும் சொல்லவில்லை. கடைக்காரர் நான்கு சுற்று வெளுத்து, இல்லாத கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தார். அந்த மாப்பிள்ளை போனால் சாங்கி விமான நிலையத்தில் விடுவார்கள், இவரை விட மாட்டார்கள் என்று மனைவி சொன்னதால் மறுபடி எடுத்தார்கள்.

விமான டிக்கெட்டைத் தாத்தா பேசி முடிப்பதாகச் சொன்னார். ஆட்டுச்சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசிய கை அது. பக்ரீதுக்கு முந்தைய வெள்ளிக்கிழமைகளில் கோடிக்கணக்கில் கைமாறும் சந்தை. மகள் செல்போனில் திருச்சி–சிங்கப்பூர் விலையைக் காட்டினாள். “வேணாம்னு சொல்லிட்டு எழுந்து நட. பின்னாலேயே கூப்பிடுவான்.” மகள் மூடினாள். அரை நாள் கழித்துத் திறந்தால் விலை ஏறியிருந்தது. தாத்தா மறுபடி நடக்கச் சொன்னார். மறுபடி ஏறியது. விலை சொல்லும் ஆள் முகத்தைக் காட்டாத வியாபாரத்தில் நாணயம் இருக்காது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுத் தாத்தா ஒதுங்கிக்கொண்டார். அன்றிரவே கடைக்காரர் மூன்றாவது விலைக்கு வாங்கினார்.

விசாவுக்கு விண்ணப்பித்த அன்று ஆயா யாரிடமும் சொல்லாமல் மணவாளநல்லூருக்குப் பஸ் ஏறினார். விருத்தாசலத்தை ஒட்டிய அந்த ஊரில் கொளஞ்சியப்பர் இருக்கிறார். உருவமில்லாமல் பலிபீட வடிவில் இருக்கும் முருகன். குறையை அவருக்கு மனுவாக எழுதி, பூசைக்கு வைத்து, முனியப்பர் சன்னிதியில் கட்டுவது வழக்கம். ‘பிராது கட்டுதல்’ என்று அதற்குப் பெயர். தொண்ணூறு நாளுக்குள் தீர்ப்பு. தீர்ந்ததும் திரும்ப வந்து பிராதை ராஜினாமா செய்ய வேண்டும். களவுபோன மாடு, தராத கடன், சேராத தம்பதி என்று எல்லாம் அங்கே வழக்காகும். தூரத்தைக் கணக்கிட்டுப் படிக்காசும் உண்டு. தமிழ்நாட்டில் பயணப்படி வாங்கும் தெய்வம் வேறு எங்கேயாவது இருந்தால் வாசகர்கள் சொல்லலாம்.

ஆயாவின் சந்தேகம் நியாயமானது. விசா கொடுக்க வேண்டியவர்கள் சிங்கப்பூரில். சாமி அவ்வளவு தூரம் போய்வர எத்தனை கிலோமீட்டருக்குக் காசு கட்டுவது? கடல் வழியா, வான் வழியா? வேப்பூருக்கான படியையே கட்டிவிட்டு, மீதியை விசா வந்ததும் தருவதாக மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தார். விசா சில நாளிலேயே வந்துவிட்டது. விண்ணப்பம் போட்ட ஏஜெண்டின் சாமர்த்தியம் என்று கடைக்காரர் சொன்னதை ஆயா காதில் போட்டுக்கொள்ளவில்லை. ராஜினாமாவுக்கு நாள் பார்த்தார்.

பணத்தை எப்படிக் கொண்டுபோவது என்ற பேச்சு வந்தபோது விருத்தாசலத்து மாமா பழைய கதையை எடுத்தார். முதுகுன்றம் என்ற அதே விருத்தாசலத்தில் சுந்தரருக்குப் பன்னிரண்டாயிரம் பொன் கிடைத்தது. வழியில் திருடர் பயம். மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள் என்றார் சிவன். போட்டார், எடுத்தார். ஆனால் எடுத்த பொன்னை உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறைந்திருந்தது. சுந்தரர் மறுபடி பாடினார், மாற்று ஏறியது. “ஃபாரெக்ஸ் கார்டும் இதான் மாப்ள. இங்க போட்டு அங்க எடுக்கலாம். எடுக்கும்போது கொஞ்சம் மாத்துக் குறையும். நமக்குப் பாட வராது, விட்டுற வேண்டியதுதான்.” வங்கிகள் பத்துப் பக்கத்தில் சொல்வதை இவ்வளவு தெளிவாக வேறு யாரும் சொன்னதில்லை.

சாப்பாட்டுப் பெட்டிதான் பெரிய பெட்டி. பிள்ளைகளுக்கு அந்த ஊர்ச் சாப்பாடு சேராது என்பது ஆயாவின் முடிவு. செராங்கூன் சாலையில் கோமள விலாஸ் 1947-லிருந்து தோசை வார்க்கிறது என்று சொல்லிப் பார்த்தார்கள். “அவன் மாவு எப்ப அரைச்சானோ” என்றார். இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், முறுக்கு, குழம்புப் பொடி எல்லாம் தயார். கசகசாவை மட்டும் மருமகள் பிடுங்கிவைத்தார். சிங்கப்பூரில் கசகசா தடை செய்த பொருள். போதைப்பொருள் தடுப்புக்காரர்கள் பார்ப்பார்கள். குருமாவுக்குப் போடும் கசகசாவுக்கு விலங்கா என்று ஆயாவுக்கு அந்த நாட்டின் மேலேயே நம்பிக்கை போனது. சூயிங்கமும் 1992-லிருந்து கொண்டுபோக முடியாது என்பதைப் பிள்ளைகளிடம் இன்னும் சொல்லவில்லை. விமானம் கிளம்பிய பிறகு சொல்வதாக ஏற்பாடு.

போகும்போது பொடி, வரும்போது தைலம். சொந்தக்காரர்கள் கொடுத்த பட்டியலில் கோடாலித் தைலம் மட்டும் ஒரு சிறு கடைக்குப் போதுமான அளவு இருக்கிறது. முஸ்தபா கடையில் வாங்க வேண்டும் என்று விலாசத்தோடு எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்களில் ஒருவரும் அங்கே போனதில்லை.

பிள்ளைகளின் பட்டியலில் மெர்லயன் பொம்மை. மீன் உடம்பும் சிங்கத் தலையுமாக ஆற்று முகத்தில் தண்ணீர் துப்பும் அந்தச் சிலையைச் செய்தவர் லிம் நாங் செங். 1972-ல் திறந்தார்கள். உயரம் 8.6 மீட்டர், எடை 70 டன். சிமெண்டால் செய்து, மேல்தோலுக்குப் பீங்கான் தட்டுகளையும் கண்ணுக்குச் சின்னச் சிவப்பு டீ கப்புகளையும் பதித்திருக்கிறார்கள். இதைக் கேட்டதும் மாமா துள்ளிவிட்டார். விருத்தாசலம் தொழிற்பேட்டையில் பீங்கான் பொம்மையும் அகல் விளக்கும் சூளையில் வைத்தே முடி நரைத்தவர் அவர். ஊரில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும் பீங்கானைப் பார்க்காத பிள்ளைகளை, விமானம் ஏற்றிப் பீங்கான் பார்க்க அனுப்புகிறீர்களா என்று கேட்டார். பிறகு தனியாக மகளைக் கூப்பிட்டு, அந்தத் தட்டுகள் எத்தனை டிகிரியில் வெந்தவை என்று மட்டும் விசாரித்துவிட்டு வரச் சொன்னார்.

கிளம்பும் நாளை டிக்கெட் வாங்கும்போதே குறித்தாயிற்று. வெள்ளிக்கிழமை சந்தை, தாத்தா வரமாட்டார். செவ்வாய்க்கிழமை ஆயா விடமாட்டார். கடைசியில் சனிக்கிழமை இரவு. தாத்தா ஆயாவுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கக் கூடாது, வழியனுப்ப வேண்டாமா? திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையம் 2024-ல்தான் திறந்தது, அதை இன்னும் யாரும் பார்க்கவில்லை. மாமா குடும்பம், அத்தை குடும்பம், கடைப் பையன், மகளின் தோழி என்று சேர்ந்து ஒரு வேன் நிறைந்துவிட்டது. காலையிலேயே கிளம்பிச் சமயபுரம், மதியம் ஸ்ரீரங்கம், சாயங்காலம் மலைக்கோட்டை, இரவு விமான நிலைய வாசல். திரும்பும் வழியில் தூங்குவதாகத் திட்டம். முனையத்துக்குள்ளே டிக்கெட் இல்லாதவர்களை விடமாட்டார்கள் என்பதை மாமாவிடம் யார் சொல்வது என்று இன்னும் தீர்மானமாகவில்லை. கடைக்காரர் சிங்கப்பூர் செலவுக்கென்று தனி நோட்டுப் போட்டிருக்கிறார். அதில் முதல் வரி வேன் வாடகை, இரண்டாவது வரி பதினான்கு பேருக்குப் புளியோதரை.