காஞ்சி வெந்தரையும் வினைல் விரிப்பும்: ஒரு முன்னாய்வு

தரையை அடியிலிருந்து சூடாக்கும் கலை மிகப் பழையது. ரோமர் தரைக்கடியில் அனல்காற்றை ஓடவிட்டனர். கொரியர் ‘ஒண்டோல்’ என்று அடுப்புப் புகையையே ஓட்டினர். காஞ்சிபுரத்தில் இந்த வேலையைச் சூரியன் மேலிருந்தே, மின்கட்டணம் இல்லாமல் முடித்துவிடுகிறது. முந்தைய ஆய்வாளர் எவரும் இதைக் கவனியாதது வியப்பே (எதிர்வீட்டு ஆயா, வாய்மொழி).

வெந்நீர்க் குழாய் ஓடும் தரையில் வினைல் போட்டால் மேற்பரப்பு 27 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்பது தயாரிப்பாளர்கள் பொதுவாக வைக்கும் விதி. தாண்டினால் ஓரம் தூக்கும், பசை இளகும். கத்திரி வெயிலில் நம் திண்ணை எந்தக் குழாயும் இல்லாமலே அந்த எல்லையைத் தாண்டும். ஆகவே காஞ்சியின் எல்லா வீடும் தரைச்சூடேற்றி பொருத்திய வீடே. மெல்லிய வினைல் சூட்டைத் தடுக்காமல் மேலே விடும் என்பதால் குளிர்நாட்டார் அதை விரும்புகின்றனர். நாம் அதே காரணத்துக்காக அஞ்சவேண்டும்.

இனித் தரை வகைகள். சிமென்ட்: சுடும். மொசைக்: சற்றுத் தாமதமாகச் சுடும். மொட்டைமாடி: களப்பணிக்குப் போனவர் பாதியில் இறங்கிவிட்டார்.

கோயில் கருங்கல்லே விரிவான ஆய்வுக்குரியது. வரதராஜப் பெருமாள் கோயில் பிராகாரத்தை நண்பகலில் சுற்றுவோரிடம் நான்கு நடைகள் காணப்படுகின்றன. குதிகால் நடை. விரல்நுனி நடை. நிழல் தாவல், அதாவது தூண் நிழலிலிருந்து மதில் நிழலுக்குப் பாய்வது. இதில் புதுப்பட்டுக் கட்டியவர் கொசுவத்தைத் தூக்கிப் பிடிப்பது தனி உட்பிரிவு. நான்காவது, பிள்ளையைத் தூக்கிய அப்பா நடை. சுமையும் சூடும் ஒரே பாதத்தில் இறங்குவதால் முகபாவம் மாறுபடும். நார் விரிப்பில் நடப்பது நடையாகாது, அது சலுகை (அதே ஆயா, வெற்றிலை போட்டபின் திருத்திய இரண்டாம் பதிப்பு). நிழலுக்காக வளைந்து ஓடினால் அது வலமா என்ற வினாவுக்கு விடையில்லை. நாமத்துக்குப் பாதம் உண்டா இல்லையா என்று வடகலையும் தென்கலையும் வழக்காடிய ஊரில், பக்தர் பாதத்துக்காக ஒரு வழக்கும் இல்லை. கல்வெட்டில் ஒரு மெய்யெழுத்துக்காகத் தலைமுறை தலைமுறையாகச் சண்டையிடும் பேரறிஞர்களும் அதைப் படிக்க விடியற்காலையில்தான் வருகிறார்கள். கருத்து வேறுபாடு அவர்களுக்குள் இல்லாத ஒரே இடம் இது.

எஞ்சியது பிள்ளையார்பாளையத்துக் குழித்தறி. நெசவாளர் தரையோடு அமர்ந்து, குழிக்குள் கால்விட்டு மிதியை மிதிக்கிறார். வெயிலேறிய வீட்டிலும் அங்கே குளிர்ச்சி. இழைக்கும் குழியின் ஈரம் நல்லது. அப்படியொரு வீட்டுக்கு வினைல் அளக்க வந்த கடைக்காரர் குழியையும் சதுர அடியில் சேர்த்துவிட்டாராம். கழிக்கச் சொன்னதற்கு, “வெட்டின துண்டை நீங்களே வச்சிக்கங்கண்ணா, காசு மட்டும் குறையாது” என்றாராம் (திண்ணைப் பதிப்பு, ஆயாவின் மறுப்புரையுடன், தறிச்சத்தத்தில் பாதி கேட்காதது, பக்கம் கிழிந்தது).