வாசலில் ஒரு செங்கல் தபால் பெட்டி: கட்டும் முறையும் கட்டிய பின் காக்கும் முறையும்

அமெரிக்காவில் இருக்கும் மகன் விடுமுறைக்கு வந்து, வாசலில் செங்கல் தூண் எழுப்பி அதற்குள் தபால் பெட்டி பதிக்கச் சொன்னால் எதிர்த்துப் பேசாதீர்கள். பேசினால் மாடிப்படியை இடித்துக் கட்டச் சொல்வான். நம் ஊரான மேல்சித்தாமூருக்கு எதற்கு இது என்று பக்கத்து வீட்டார் கேட்டால், "பையன் ஆசைப்பட்டான்" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள்.

முதலில் அளவு. அமெரிக்கப் புறநகர்களில் தபால்காரர் பெரும்பாலும் வண்டியை விட்டு இறங்குவதில்லை. ஸ்டியரிங் வலப்பக்கம் உள்ள வண்டியில் ஓரமாக வந்து, உட்கார்ந்தபடியே கையை நீட்டிப் போட்டுவிட்டுப் போவார். அதனால் பெட்டியின் அடிப்பாகம் சாலையிலிருந்து 41 முதல் 45 அங்குல உயரத்திலும், முகப்பு சாலை விளிம்பிலிருந்து 6 முதல் 8 அங்குலம் உள்வாங்கியும் இருக்க வேண்டும் என்பது அந்நாட்டு அஞ்சல் துறையின் கணக்கு. நம் சாலைக்கு விளிம்பு எது என்று யாரிடம் கேட்பது? உயரமும் நிலையானதல்ல. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போடுவதால் ஒவ்வொரு தடவையும் சாலை வளரும், வீடு இறங்கும். 45 அங்குலத்தை நம்பினால் பேரன் தலையெடுக்கும்போது தபால்காரர் குனிந்துதான் கடிதம் போட வேண்டும். ஓரடி கூட்டிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கல் தூணை அந்நாட்டு அஞ்சல் துறையே விரும்புவதில்லை. வண்டி மோதினால் கம்பம் சாய்ந்து கொடுக்க வேண்டும், ஓட்டுபவர் பிழைக்க வேண்டும் என்பது அவர்கள் கவலை. நம் கவலை வேறு. கரும்பு டிராக்டர் திரும்பும்போது சுற்றுச்சுவர் பிழைக்க வேண்டும். மோதலைத் தூண் வாங்கிக்கொள்ளும். ஆகவே கடைக்கால் ஒன்றரை அடியாவது ஆழம் போகட்டும்.

ஈசானிய மூலையில் பாரம் ஏற்றக் கூடாது என்று ஒருவர் வருவார். காபி கொடுத்து அனுப்புங்கள்.

செங்கல்லைச் சோதித்து வாங்குங்கள். இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். சொத்தென்று கேட்டால் வேகாத கல். நகத்தால் கீறினால் தடம் விழக் கூடாது. இடுப்பு உயரத்திலிருந்து போட்டால் உடையக் கூடாது. சூளைக்காரர் முகம் மாறும், பொருட்படுத்தாதீர்கள். 9 அங்குலக் கல்லில் ஒன்றரைக் கல் சதுரத் தூணுக்கு ஒரு வரிசைக்கு நாலரைக் கல், ஆக உடைசல் சேர்த்து 125 கல் தாராளம். ஆனால் சூளையில் டிராக்டர் லோடாகத்தான் தருவார்கள். மிச்சக் கல் கொல்லையில் அடுக்கிக் கிடக்கும். மச்சான் வீடு கட்டத் தொடங்கும்வரை அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

கல்லை நன்றாக ஊற வைத்துத்தான் கட்ட வேண்டும். காய்ந்த கல் கலவையிலுள்ள தண்ணீரைக் குடித்துவிடும், சிமென்ட் இறுகாது. இதைச் சொன்னால் மேஸ்திரி செஞ்சி இருக்கும் திசையில் கரணையை நீட்டி, "கோட்டையை யாரு சார் தண்ணி ஊத்திப் பாத்துக்கிட்டா?" என்பார். மடக்கத்தான் வேண்டும். கோட்டை சுண்ணாம்பில் கட்டியது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இறுகும். அந்தக் காலத்தில் அதில் கடுக்காய்ச் சாறும் வெல்லமும் சேர்த்து அரைப்பார்கள். கல்யாண மகாலும் வளைகூரைக் களஞ்சியமும் இன்னும் நிற்கின்றன. 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். கட்டியவர்களுக்கு அவசரம் இல்லை. உங்கள் மகனுக்கோ திரும்பிப் போகும் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. எனவே ஒன்றுக்கு ஆறு சிமென்ட் கலவைதான். ஏழு நாளாவது சாக்கு சுற்றித் தண்ணீர் ஊற்றுங்கள். அது மேஸ்திரி வேலை இல்லை, சித்தாள் வேலையும் இல்லை, வீட்டுக்காரர் வேலை.

தூணின் உச்சியைச் சரிவாக முடித்து, வெளியே நீட்டிய பலகையின் அடியில் ஒரு காடி எடுக்கச் சொல்லுங்கள். ஐப்பசி மழை சுவரில் வழியாமல் அங்கேயே சொட்டி விழும். இந்த ஒரு விரல் காடிக்கு மேஸ்திரி தனிக் கூலி கேட்டாலும் கொடுத்துவிடலாம். செங்கல் வேலை கெடுவது பெரும்பாலும் தண்ணீரால்தான்.

பராமரிப்பில் முதல் எதிரி உப்பு. மழை விட்டதும் கல்லில் வெள்ளையாகப் பூக்கும். உடனே குடம் குடமாய் ஊற்றிக் கழுவாதீர்கள். உப்பு கரைந்து உள்ளே போய், காய்ந்ததும் திரும்ப வரும். வெயிலில் காயவிட்டு உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து உதறுங்கள். எனாமல் பெயின்ட் அடித்து மறைக்கவும் வேண்டாம். உள்ளே சிக்கிய ஈரம் பெயின்ட்டைத் தோல் தோலாக உரித்துக்கொண்டு வெளியேறும்.

இரண்டாவது எதிரி கொடி. மணி பிளான்ட் ஏற்றினால் அழகு என்பார்கள். நம் ஊர் மல்லிநாதர் கோயில் பாறையில் பாகுபலியைச் செதுக்கியிருக்கிறார்கள். அசையாத தவத்தில் கால்களைக் கொடி சுற்றியும் நின்றவர் அவர். உங்கள் தூண் தவம் செய்யவில்லை. வேர் மூட்டுக்குள் இறங்கினால் கலவை உதிரும். உதிர்ந்த மூட்டை அரை அங்குல ஆழம் சுரண்டி, நனைத்து, புதுக் கலவை வைத்து அழுத்துங்கள்.

பெட்டிக்குள் என்ன வரும் என்பதற்கும் தயாராக இருங்கள். கூரியர்காரர் போன் செய்து கையில் கொடுப்பார். தபால்காரர் "அம்மா, போஸ்ட்!" என்று குரல் கொடுத்துத் திண்ணையில் வைப்பார். பெட்டிக்குள் சேர்வது பால் பாக்கெட், பூத் சிலிப், யாரோ வீட்டு மஞ்சள் நீராட்டுப் பத்திரிகை, வீட்டுச் சாவி, பல்லி முட்டை. மூலையில் குளவி ஒன்று மண் உருட்டிக் கூடு கட்டும். ரசமட்டம் இல்லை, கூலி இல்லை, விரிசலும் இல்லை. மேஸ்திரி பார்க்காமல் மூடி வையுங்கள்.

சிட்டுக்குருவி வந்தால்தான் சங்கடம். சமண மடம் இருக்கும் ஊரில், அதுவும் தமிழ்ச் சமணரான நயினார் வீட்டில், முட்டையோடு கூட்டைக் கலைக்க யாருக்கும் மனம் வராது. "இதில் தபால் போட வேண்டாம்" என்று ஒரு அட்டை எழுதிப் பெட்டியில் ஒட்டுங்கள். மகனுக்குப் போட்டோ அனுப்பும்போது மட்டும் அட்டையைக் கழற்றிவிடுங்கள்.