பட்டமளிப்புக்கு யார் பேசுவது?

சட்டம் படித்து முடித்த பிள்ளைகளுக்குக் கடைசியாக ஒருமுறை புத்திமதி சொல்ல யாரைக் கூப்பிடுவது என்பது இப்போதெல்லாம் பெண்ணுக்கு வரன் பார்ப்பதைவிடப் பெரிய வேலையாகிவிட்டது. நீதிபதி என்றால் எந்த நீதிபதி, என்ன தீர்ப்பு எழுதினவர், டெல்லியிலிருந்து அமைச்சர் வந்தால் இங்கிருக்கும் அமைச்சர் வருவாரா என்று ஆயிரம் யோசனை. 2022 ஜூலையில் மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பட்டமளிப்புக்கு மத்திய இணையமைச்சர் எல். முருகனைக் கௌரவ விருந்தினராக அழைத்ததற்காக, அன்றைய உயர்கல்வி அமைச்சர் பொன்முடி அந்தப் பக்கமே போகவில்லை. அதற்கு முன்பு, 2019 இல், டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் முதலிடம் வந்த ஒரு மாணவி, அப்போதைய தலைமை நீதிபதி ரஞ்சன் கோகோய் கையால் தங்கப் பதக்கம் வாங்க மனம் ஒப்பாமல் விழாவுக்கே வராமலிருந்துவிட்டார். படித்ததும் எனக்கு வந்தது வியப்பா பொறாமையா என்று இன்னும் தெரியவில்லை. ஏனென்றால், எழுபதுகளில் பி.எல். வாங்கிய எங்களுக்கு யார் பேசப் போகிறார் என்பது அழைப்பிதழ் வந்த பிறகும் தெரியாது. அவர் பேசி முடித்த பிறகும் அநேகம் பேருக்குத் தெரியாது.

எங்களுக்கென்று தனிப் பேச்சாளர் ஏது? சட்டத்துக்கென்று இங்கே ஒரு பல்கலைக்கழகம் 1997 இல் வரும்வரை சென்னைப் பல்கலைக்கழகம்தான் எல்லோருக்கும் தாய்வீடு. சேப்பாக்கத்து நூற்றாண்டு விழா மண்டபத்தில் விலங்கியல்காரன், கணக்குக்காரன், வருங்கால வக்கீல் எல்லோரும் ஒரே கறுப்புக் கவுனில் ஒரே வியர்வையில் உட்கார்ந்திருப்போம். மேடையிலிருக்கும் பெரியவர் அத்தனை பேருக்கும் பொதுவாக, அதாவது யாருக்கும் குறிப்பாக இல்லாமல், முக்கால் மணி நேரம் இங்கிலீஷில் வாசிப்பார். வாசிப்பார் என்றுதான் சொல்ல வேண்டும். உரையை முன்கூட்டியே அச்சடித்து ஆளுக்கொரு புத்தகமாகக் கொடுத்துவிடுவார்கள். அவர் ஒரு பக்கம் முடித்துத் திருப்பும்போது மண்டபமே சேர்ந்து திருப்பும். நூற்றுக்கணக்கான தாள்கள் ஒரே நேரத்தில் புரளும் அந்தச் சரசரப்பு ஒன்றுதான் அன்றைய நிகழ்ச்சியில் எல்லோரும் மனதாரப் பங்கெடுத்துக்கொண்ட விஷயம். பின்வரிசையில் ஒரு புண்ணியவான் வேண்டுமென்றே இரண்டு பக்கம் முன்னால் புரட்டுவான். அவனைப் பார்த்து வரிசையே புரட்டும். மேடையில் இருந்தவர் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

நானோ, சொல்லவே சிரிப்பாக இருக்கிறது, உருகுவதற்குத் தயாராகப் போயிருந்தேன். மாமாவிடம் இரவல் வாங்கிய கம்பளிக் கோட்டின் மேல் வாடகைக் கவுன், சென்னை வெயில், இதற்கெல்லாம் நடுவில் அந்தப் பெரியவர் வாயிலிருந்து என் வாழ்க்கையைத் திருப்பிப் போடும் ஒரு வாக்கியம் வரும், அதைப் பிடித்து எழுதிவிட வேண்டும் என்று பேனாவைத் திறந்தே வைத்திருந்தேன். வந்தது லத்தீன். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று லத்தீன் மேற்கோள்கள். மை காய்ந்துபோனது. இங்கிலீஷ் அறியாத அப்பாவோ பார்வையாளர் வரிசையில் கொஞ்சமும் அசையாமல் முழுவதையும் கேட்டுவிட்டு வெளியே வந்து, "ரொம்பப் பெரிய ஆளுடா, கடைசி வரைக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்கல பாரு" என்றார். அதைவிட நியாயமான விமர்சனத்தை அந்த உரைக்கு யாரும் எழுதியிருக்க முடியாது.

ஆனால் அதற்கப்புறம் கிடைத்த ஒரு மணி நேரம் இருக்கிறதே! கவுனைத் திருப்பித் தர சாயங்காலம் வரை கெடு. அதைக் கழற்றாமலே சாலையைக் கடந்து மெரினாவுக்குப் போனோம். சுண்டல்காரன் எங்களை ஒரு கணம் பாதிரிமார் என்று நினைத்துத் தராசைக் கொஞ்சம் தாராளமாகவே சாய்த்தான். பிறகு ஸ்டுடியோ. நிஜப் பட்டம் கையில் இருந்தாலும் போட்டோவுக்கு அது சரிவராதாம். சிவப்பு நாடா கட்டிய வெற்றுக் காகிதச் சுருள் ஒன்றை ஸ்டுடியோக்காரரே வைத்திருந்தார். ஊரில் எத்தனை வக்கீல் வீட்டுக் கூடத்தில் அந்த ஒரே சுருள் தொங்குகிறதோ.

பேச்சாளரைத் தேர்ந்தெடுக்கும் சுகமே எங்களுக்குக் கிடைக்கவில்லை என்று சொன்னால் பொய். அதெல்லாம் பாரிமுனையில், உயர் நீதிமன்றத்துக்குப் பக்கத்துச் செங்கல் கட்டடத்தில், எங்கள் சட்டக் கல்லூரியின் மாணவர் பேரவைக் கூட்டங்களில் நடந்தது. 1891 இல் தொடங்கிய கல்லூரி; பதஞ்சலி சாஸ்திரியிலிருந்து சதாசிவம் வரை தலைமை நீதிபதிகளையும், ஆர். வெங்கட்ராமன் என்று ஒரு குடியரசுத் தலைவரையும் கொடுத்தது. அந்தப் பெருமையெல்லாம் எங்களுக்கு எங்கே உறைத்தது? பேரவைத் தொடக்க விழாவுக்கு யார் என்பதில்தான் உயிர். ஒரு கோஷ்டி மேடைத் தமிழில் தீ பறக்க வைப்பவரைக் கேட்கும், இன்னொரு கோஷ்டி சினிமாக்காரரைக் கேட்கும், முதல் பெஞ்சில் எண்ணிச் சொல்லக்கூடிய அளவில் உட்கார்ந்திருந்த பெண்களை யாருமே கேட்க மாட்டார்கள். உச்ச நீதிமன்றத்தில் இருந்த வி.ஆர். கிருஷ்ணய்யர் சென்னையில் எங்கே பேசினாலும் போய்விடுவோம். எங்கள் கல்லூரியில் படித்தவர், ஏழைக்கு ஜாமீன் பற்றிப் பேசினால் ரத்தம் சூடேறும், ஆனால் அந்த இங்கிலீஷுக்கு வீட்டுக்கு வந்ததும் அகராதியைத் தூசி தட்ட வேண்டும். எந்தப் பட்டமளிப்பிலும் அப்படி ஆசையாக நான் அகராதியைத் திறந்ததில்லை.

இந்தச் சர்ச்சைகளில் முக்கால்வாசியை நாங்கள் நடத்தியது ஒரு கல்லறை நிழலில். கல்லூரி வளாகத்துக்குள் கூர்ங்கோபுரம் மாதிரி நிற்கிறதே, அதில் தூங்குகிற ஒருவன் டேவிட் யேல். பதினேழாம் நூற்றாண்டில் கோட்டையில் கவர்னராக இருந்த எலிஹு யேலின் சின்னப் பிள்ளை. அமெரிக்காவில் அந்த யேல் பேரில் இருக்கும் பல்கலைக்கழகத்தின் சட்டப் பள்ளியில் படிக்க இடம் கிடைத்தால் ஊரே கொண்டாடும். இங்கே அவர் மகன் தலைமாட்டில் நாங்கள் கடன் சொல்லி வாங்கிய டீயை வைத்துவிட்டு, யார் பேச வேண்டும் என்று சட்டையைப் பிடித்துக்கொண்டோம். 2023 இல் வாகனம் நிறுத்த இடம் கட்டுவதற்காகக் கல்லறையை நகர்த்துவது பற்றி வழக்கு நடந்தபோது, அதற்காகவாவது ஒரு வக்காலத்து போட்டிருக்கலாமே என்று தோன்றியது.

கல்லூரியே நகர்ந்துவிட்டது. 2018 இல் பாதியைப் புதுப்பாக்கத்துக்கும் பாதியைப் பட்டறைப்பெரும்புதூருக்கும் அனுப்பினார்கள். என் பேத்தி புதுப்பாக்கத்தில் படித்தாள். விசாலமான வகுப்பறை, நல்ல காற்று, பெண்கள் பாதி. என்ன, எட்டிப் பார்க்க ஒரு நீதிமன்றம் கிடையாது, ஒளிந்துகொள்ள ஒரு பர்மா பஜாரும் கிடையாது. அவளுடைய பட்டமளிப்புக்கு யார் வருகிறார் என்று கேட்டேன். அந்தப் பெயரைச் சொன்னாள், அவர் எழுதிய தீர்ப்புகளில் இரண்டைப் பாராட்டினாள், ஒன்றைக் கிழித்தாள், வாட்ஸ்அப் குழுவில் நடந்த வாக்கெடுப்பைக் காட்டினாள். நாங்கள் யாரென்றே தெரியாதவரைப் பயபக்தியோடு பார்த்தோம். இவர்கள் ஜாதகமே தெரிந்தவரைச் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். வக்கீலுக்கு எது லட்சணம் என்று என்னைக் கேட்டால், அவள் பக்கம்தான் பேசுவேன். "எவ்வளவு நேரம் பேசுவார்?" என்றேன். "எவ்வளவு பேசினாலும் ரீல்ஸ்ல முப்பது செகண்டுதான் தாத்தா" என்றாள்.

இந்த லட்சணத்தில் போன வாரம் எனக்கே ஒரு அழைப்பு. ஒரு தனியார் சட்டக் கல்லூரி, கடைசி வருஷ மாணவர்களின் வழியனுப்பு விழா. "சார், நீதிபதிக்கு அன்னைக்கு வேற நிகழ்ச்சி வந்துடுச்சு. அடுத்து கேட்ட சீனியருக்குக் கால்ல அடி..." என்று அந்தப் பேராசிரியை வெள்ளை மனதோடு வரிசையைச் சொல்லிக்கொண்டே வந்தார். மூன்றாவது ஆள் நான். ஒப்புக்கொண்டேன். ஏழு நிமிஷமாம். உரையை அச்சடித்துக் கொடுப்பீர்களா என்று கேட்டதற்குக் கொஞ்சம் யோசித்து, "பிடிஎஃப் அனுப்புங்க சார், க்யூஆர் கோடு போட்டுடலாம்" என்றார். க்யூஆர் கோட்டை எந்தப் பக்கமாகப் புரட்டுவார்களோ தெரியவில்லை.

எழுதி முடித்துப் பேத்தியிடம் காட்டினேன். கதை இருக்கட்டும், கிருஷ்ணய்யர் இருக்கட்டும் என்று பெருந்தன்மையாக விட்டுவைத்தவள், லத்தீன் மேற்கோள் இரண்டையும் அடித்துவிட்டாள். அவள் தூங்கப் போன பிறகு ஒன்றைத் திரும்பச் சேர்த்துவிட்டேன்.