டன்னுக்குத் தொள்ளாயிரமாம்ல!

வாடா மருமவனே, உக்காரு. பத்துச் சக்கர வண்டி வாங்கியாச்சு, போன்ல லோடு பாக்குற ஆப்பும் ஏத்தியாச்சு. இனிமே உனக்கென்ன, கயித்துக் கட்டில்ல படுத்துக்கிட்டே தஞ்சாவூர்லேருந்து செங்குன்றம் ரைஸ்மில்லுக்கு நெல்லு ஏத்தலாம். டன்னுக்கு 900-ன்னு காட்டுதாம்ல? அமுத்திடு. யோசிச்சா பின்னாடி நிக்கிறவன் அமுத்திப்புடுவான். கணக்குப் போடுற பழக்கமெல்லாம் எங்க காலத்தோட போவட்டும்.

நான் சும்மா பொழுது போவாம போட்டுப் பாத்தேன். 18 டன்னு, அதாவது 40 கிலோ மூட்டையில 450. வாடகை 16,200. போறதுக்கு 340 கிலோமீட்டர்னு வெச்சுக்க. பாரத்தோட லிட்டருக்கு நாலு குடுத்தா 85 லிட்டரு. காலியாத் திரும்புனா அஞ்சு குடுக்கும், 68 லிட்டரு. லிட்டரு 92-ன்னு போட்டா டீசலுக்கே 14,076 காலி. மிச்சம் 2,124. அதுலதான் டோல்கேட்டு, டிரைவர் பேட்டா, தார்ப்பாய் கட்டுற கூலி, டயர் தேய்மானம், மாசாமாசம் டியூ. எல்லாம் போவ மீந்ததுல உன் அத்தைக்கு ஒரு பட்டுப்பொடவை எடு, பாவம்.

ரிட்டர்ன் லோடு பாத்துக்கலாம்னுதானே வாயைத் தொறக்குற? பாத்துக்கலாம். தையிலயும் மாசியிலயும் சம்பா அறுவடை. இருக்குற வண்டியெல்லாம் நெல்லோட வெளியூர் போவும். போன அத்தனை பயலும் மாதவரத்துல வரிசை கட்டி நின்னு, 'தஞ்சாவூர் பக்கம் எதுனா இருக்கா'ன்னு அதே ஆப்பைத் தடவுவான். மணலியில உரம் இல்லாமலா இருக்கு? இங்க வயல்ல உளுந்து தெளிச்சுட்டுக் குந்தியிருக்கவனுக்கு எத்தனை மூட்டை உரம்டா வேணும்? அதனால அந்த மாசத்துல போற வாடகையிலயே வர்ற டீசலையும் கறந்துடணும். ஆடி ஆவணியில கதை தலைகீழு. ஜூன் 12-க்கு மேட்டூரைத் தொறந்துட்டான்னா டெல்டாவுக்கு உரம் வந்தாவணும், உள்ள வர்ற வண்டிக்குக் கிராக்கி. போறதுக்கு நெல்லு இருக்காது, பேராவூரணி தேங்காய் கெடச்சா உண்டு. அப்ப 900-ன்னா நானே தலையாட்டுவேன். அதே 900-ஐத் தையில சொன்னா துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிச்சுடுவேன்.

ரெண்டு பக்கமும் பாரம் கெடைக்கிறது பொரட்டாசியை ஒட்டி. குறுவை நெல்லு வெளியே, சம்பாவுக்கு உரம் உள்ளே. அந்த நேரம் பாத்து மழையும் வந்து நிக்கும். 2025 அக்டோபர்ல கொள்முதல் நிலையத்துல நெல்லு மூட்டை தேங்கி நனைஞ்சுதே, பேப்பர்ல பாத்தியா? அந்த மூட்டை உன் ஆப்புல வராது, நுகர்பொருள் வாணிபக் கழகத்து கான்ட்ராக்ட்டுல போவும். ஆனா அந்த வேலை ஊர்ல உள்ள வண்டியை இழுத்துக்கிட்டா மத்த சரக்குக்காரன் வண்டி இல்லாமத் தவிப்பான். உன் போன்ல ரேட்டு ஏன் ஏறுச்சுன்னு கொள்முதல் நிலைய வாசல்ல போய் நின்னு பாத்தாத் தெரியும். நீ எங்க போவப் போற, சார்ஜர் அங்க இல்லையே.

ஆப்பைக் குத்தம் சொல்லலை. நாங்க புக்கிங் ஆபீசு திண்ணையில கெடந்து, புரோக்கர் சொன்னதே வேதம்னு ஏத்துனவனுங்க. நீ இங்கருந்தே நாமக்கல்ல என்னா ஓடுதுன்னு பாக்குற, அது பெரிய விசயம். ஆனா பிளாக்பக்னு ஒண்ணு இருக்கு பாரு, 2015-ல பெங்களூர்ல ஆரம்பிச்சு 2024-ல ஷேர் மார்க்கெட்டுக்கே போயிட்டான். அவனுக்கு வருமானம் லோடு புடிச்சுக் குடுக்கிறதுல கம்மி. ஃபாஸ்டேக், டீசல் கார்டு, ஜிபிஎஸ், அதுலதான் நெறைய. லோடை நம்பிப் பொழைக்கிறவன் நீ ஒருத்தன்தான்டா.

இன்னொண்ணு. ஒரே லோடு நாலு பேர்ல நிக்கும், நாலு ரேட்டு இருக்கும். நீ என்னடான்னா ஊர்ல சரக்கு குவிஞ்சு கெடக்குன்னு மீசையை முறுக்குற. மாட்டுச் சந்தையில துண்டுக்குள்ள விரலைப் புடிச்சு வெலை பேசுறப்ப தரகன் கை ஒண்ணுதான். இங்க துண்டுக்குள்ள எத்தனை கை இருக்கு, ஆளாளுக்கு எவ்வளவு கிள்ளுனாங்க, உனக்கென்னா தெரியும்? சரக்கு யாருது, எந்த மில்லுல எறக்கணும்னு கேளு. திக்குனான்னா அவன் மூணாவது கை. 'லோடு உறுதி பண்ண ரெண்டாயிரம் ஜிபே போடுங்க அண்ணே'ன்னு சொன்னா உடனே போட்டுடு, அண்ணேன்னு வேற கூப்புட்டுட்டான். நமக்கு அட்வான்ஸ் குடுக்க வேண்டியவனுக்கே நாம அட்வான்ஸ் குடுக்குறது பெரிய மனசு.

'ரெண்டு டன்னு சேத்துப் போட்டுக்குங்க'ன்னு தாராளமாச் சொல்லுவான். உனக்கு 1,800 கூட வரும். உன்னோடது மாதிரி மூணு அச்சு வண்டிக்கு, வண்டியோட சேத்து மொத்த எடை 28.5 டன்னுன்னு 2018-லயே ஏத்திக் குடுத்துட்டான், அதுக்கு மேல போயி மாட்டுனா, 2019-ல திருத்துன சட்டப்படி 20,000, அதோட கூடுற டன்னுக்கு 2,000. ரெண்டு டன்னு கூடுனா 24,000. லோடு போட்டவன் கட்ட மாட்டான், நீதான் கட்டணும்.

பேலன்ஸ் தர்றப்ப வரின்னு எதையாவது புடிப்பான். பத்து வண்டி வரைக்கும் வெச்சிருக்கவன் பான் நம்பரோட எழுதிக் குடுத்துட்டா டிடிஎஸ் புடிக்கக் கூடாது. அந்தக் கடுதாசியை வண்டியிலயே வெச்சுக்க. சாமி படத்துக்குப் பின்னாடி எடம் இருக்கும்.

அந்தா, போன் கூவுது. யாரு? காரைக்கால் துறைமுகத்துலேருந்து கரி லோடா? ரேட்டு கெடக்கட்டும், எறக்குற எடத்துல எத்தனை நாளு நிக்கணும், ஹால்டிங் யாரு தருவான்னு மொதல்ல கேளு. ... என்னா, கட் பண்ணிட்டானா?