பழுதுப் பெயர்ச்சி: ஒரு மினோல்டாவும் ஒரு மயிலாப்பூர் குடித்தனமும்

பழுதெனப் படுவது அழிவ தன்றே;
இல்லினுள் ளேயே இடம்பெயர்ந் துறையும்.

இச்சூத்திரம் என்நுதலிற்றோ எனின், பழைய ஃபிலிம் கேமராவை வீட்டிலேயே பிரித்துச் சரிசெய்யப் புகுவார்க்கு வந்தெய்தும் பயன் உணர்த்துதல் நுதலிற்று. ‘உள்ளேயே’ என்பதன் ஏகாரம் தேற்றம். பழுது வாசற்படி தாண்டாது என்றவாறு. சூத்திரம் செய்தவர், உரை எழுதுபவர், கேமராவைப் பிரித்தவர் மூவரும் ஒருவரே ஆதலால் பாடபேதம் இல்லை. சனிப்பெயர்ச்சிக்கு இரண்டரை வருஷம் வேண்டும். இதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போதும்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட உருப்படி மினோல்டா எஸ்.ஆர்.டி. 101, 1966-ல் வெளிவந்த மாடல். பெரியப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. ஆய்வுக்களம், கச்சேரி ரோடு பக்கம் மூன்றாம் மாடி வீடு. பீரோவின் மேல்தட்டில் தோலுறைக்குள் இருபது வருஷம் தூங்கிக்கொண்டிருந்ததை எழுப்பியது ஆய்வாளர்தான்.

முதற்பழுது, ஒளிக்கசிவு. பின்கதவின் ஓரங்களில் வெளிச்சம் புகாமலிருக்க ஒட்டியிருந்த ஃபோம், நாளாக ஆகத் தாராக உருகியிருந்தது. தொட்டால் விரலில் ஒட்டும். விரலிலிருந்து சட்டைக்கு, சட்டையிலிருந்து சோபாவுக்கு. பல்குச்சியால் சுரண்டி, ஸ்பிரிட்டில் துடைத்து, கறுப்பு வெல்வெட் ரிப்பனை அளவாக வெட்டி ஒட்டினால் தீர்ந்தது. ரிப்பனுக்கு ரங்கநாதன் தெரு. ‘விலைகொடுத்து வாங்கிய பொருளால் பழுது பெயராதன்றோ?’ எனக் கடாவுவார் உளர். பெயரும். அந்த நெரிசலில் ஆய்வாளரின் இடது செருப்பு வார் அறுந்தது. அறுந்த செருப்பும் வீட்டுக்குத்தான் வந்தது. ஆதலால் சூத்திரத்துக்கு இழுக்கில்லை.

இரண்டாவது, திருகுகள். ஜப்பான் கேமராவின் திருகுத்தலையில் இருப்பது நம்மூர் ஸ்டார் ஸ்க்ரூடிரைவருக்கான பள்ளம் போலவே இருக்கும், ஆனால் அதுவன்று. ஜப்பானியத் தரத்தின் பள்ளம் வேறு. அதில் நம்முடையது சரியாக உட்காராமல் வழுக்கி, திருகின் மண்டையை மொட்டையடித்துவிடும். இதை ஆய்வாளர் இரண்டு திருகுகளைப் பலிகொடுத்த பிறகே அறிந்தார். அதன்பின் ரிச்சி தெருவுக்குப் போய்ச் சரியானதை வாங்கினார். கழன்ற திருகுகளை வரிசை மாறாமல் வைக்க அஞ்சறைப் பெட்டியைவிடத் தோதான கருவியை மனித குலம் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒரு பாகம்; மேல்தகட்டுத் திருகுகள் கடுகு இருந்த கிண்ணத்தில். கேமரா மூடப்பட்டது. பெட்டி அடுப்படிக்குத் திரும்பியது. அன்றைய ரசத்துக்குத் தாளித்தபோது ஒரு கடுகு மட்டும் வெடிக்கவேயில்லை. அம்மா அதைக் கரண்டியால் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, “இது உன்னோடதா?” என்று கேட்டார். அவ்வளவே கேட்டார்.

மூன்றாவது, பாட்டரி. ஆய்வின் உயிர்நாடி இதுவே. இந்த கேமராவின் லைட் மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பாட்டரியை நம்பிப் பிறந்தது. பாதரசம் விஷமாயிற்றே என்று 1996-ல் அமெரிக்கா சட்டம் போட்டு நிறுத்த, மற்ற இடங்களிலும் அது வழக்கொழிந்தது. அதே அளவில் இன்று கிடைக்கும் அல்கலைன் பாட்டரி 1.5 வோல்ட். அதைப் போட்டால், உள்ளதைவிட அதிக வெளிச்சம் இருப்பதாக மீட்டர் நம்பி, படத்தை இருட்டடித்துவிடும். 1.4 வோல்ட்டில் நெருங்கிவருவது ஒன்று உண்டு: காதுக் கருவிக்குப் போடும் 675-ஆம் எண் ஜிங்க்-ஏர் பாட்டரி. தாத்தாவின் காதுக்குப் பின்னால் குடியிருப்பதும் அதுவே.

அட்டைக்கு ஆறு பாட்டரி. முதுகில் நீல ஸ்டிக்கர். ஸ்டிக்கரை உரித்ததும் துளைகள் வழியே காற்று புகுந்து உயிர் வரும். வந்த உயிரை மறுபடி ஸ்டிக்கர் ஒட்டி நிறுத்த முடியாது. உபயோகித்தாலும் உபயோகிக்காவிட்டாலும் சில வாரங்களில் ஆயுள் முடியும். கேமராவின் பாட்டரி அறைக்கு இது இளைத்த உடம்பு. சுற்றிலும் வளையம் ஒன்று வேண்டும். ஸ்பேராக வைத்திருந்த குழாய் வாஷரைச் செதுக்கினால் கனகச்சிதம். வ்யூஃபைண்டருக்குள் ஊசி துள்ளியது! அதே வாரம் அடுப்படிக் குழாய் சொட்ட ஆரம்பித்தது. மாற்ற வாஷர் இல்லை. அது இரவெல்லாம் சொட்டியும் தாத்தா நிம்மதியாகத் தூங்கினார். ஏனெனில் அட்டையில் கடைசியாக மிஞ்சியிருந்தது கேமராவில் இருந்தது.

நான்காவது, லென்ஸில் பூஞ்சை. கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. தோலுறை அந்த ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பூட்டிய பீரோவின் இருட்டு பூஞ்சைக்குத் தாய்வீடு. கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிலந்தி நூல் போலப் படர்கிறது. அரிசி டப்பாவில் புதைத்தால் ஈரம் போகும் என்பார் மதமும் உண்டு. ஈரம் போகிறதோ இல்லையோ, அரிசி மாவு லென்ஸுக்குள் போகும் என்பதால் நாம் அதைக் கொள்ளவில்லை. வெயில் பட்டால் பூஞ்சை மேற்கொண்டு வளராது என்பது பொதுக் கொள்கை. அரித்த கண்ணாடியை வெயில் திருப்பித் தராது என்பது சிறப்பு விதி. உச்சி வெயிலில் மொட்டை மாடியில், வடாம் காயும் வேட்டி மேல், லென்ஸ் செங்கல்லில் சாய்த்து வைக்கப்பட்டது. பூதக்கண்ணாடியும் லென்ஸ்தான் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அப்போது நினைவுக்கு வரவில்லை. வேட்டியில் மிளகளவு ஓட்டை. சுற்றிலும் பழுப்பு வளையம். நடுவில் கருகிய ஜவ்வரிசி வடாம் ஒன்று.

இனி ஒரு வரலாற்று மறுப்பு. 1858-ல் தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒரே நீளமாக ஒட்டிய லின்னேயஸ் டிரைப்புக்கு இப்படிப்பட்ட தொல்லை ஏது என்று கேட்கலாம். அந்தக் காலத்தில் லென்ஸ் மூடியைக் கையால் எடுத்து, கையால் போடுவதே ஷட்டர். பாட்டரி கிடையாது, மீட்டர் கிடையாது, ஃபோம் கிடையாது. முக்கியமாக, மனுஷர் வீட்டில் இல்லை. மாட்டு வண்டிகளோடு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார். சூத்திரம் ‘இல்லினுள்’ என்றதன் நுட்பம் இங்கே விளங்கும்.

பங்குனியில் அறுபத்து மூவர் வந்தது. சோதனைக்கு அதைவிட நல்ல நாள் ஏது? 36 படம் எடுக்கும் ரோல் ஒன்று போட்டு, மாடவீதியில் நாயன்மார் பல்லக்குகளையும் பானகப் பந்தல்களையும் தோளில் ஏறிய குழந்தைகளையும் எடுத்தாயிற்று. லீவர் வழவழவென்று வந்தது. ஷட்டர் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. எண் காட்டி 36-ஐத் தாண்டி 37, 38 என்று போனபோது, பெரியப்பா காலத்துக் கேமரா தாராளம் என்றே ஆய்வாளர் மகிழ்ந்தார்.

கவனிக்க வேண்டியது, இடப்பக்கத்து ரீவைண்ட் குமிழ். லீவரைத் தள்ளும்போதெல்லாம் அதுவும் கூடச் சுற்ற வேண்டும். சுற்றவேயில்லை. ஃபிலிமின் நாக்கு உருளையில் மாட்டாமல், முழு ரோலும் டப்பாவுக்குள்ளேயே உட்கார்ந்து தரிசனம் செய்திருக்கிறது. கேமராவில் இப்போது எந்தப் பழுதும் இல்லை. அது எங்கே பெயர்ந்திருக்கிறது என்பது உரைகாரருக்குத் தெரியும், இங்கே விரிக்கவில்லை.

திருவிழாவுக்கு முன்பே லஸ்ஸில் புது பாட்டரி அட்டை வாங்கிப் போட்டிருந்ததால், மாடவீதித் திண்ணை ஒன்றிலிருந்தே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த தாத்தாதான் விசாரித்தார்:

“ஏன்டா, முப்பத்தெட்டு தடவை ‘க்ளிக்’னது எனக்கே கேட்டுதே. படம் எங்கே?”