நடக்கறதுக்கு நன்கொடையா, நைனா?

வா கண்ணு, குந்து. கால்ல இன்னா அது, ஷூவா படகா? எட்டாயிரமா! நடக்கறதுக்குன்னே செஞ்ச ஷூவைப் போட்டுக்கினு பைக்ல வந்திருக்கே பாரு, அதான் அழகு.

கையில படம் வேற. காட்டு. 'சாம்பியன் ரீப்ஸ் ஹெரிட்டேஜ் ட்ரெயில்.' ஒத்தையடிப் பாதைன்னு எழுதினா கம்பெனிக்காரன் காசு குடுக்க மாட்டானா? சரி, ட்ரெயில்னே வச்சுக்க. நுழையற எடத்துல வளைவு. அப்பால செல்பி மேடை. நன்கொடை குடுத்தவன் பேரு வெட்டின கிரானைட் கல்லு, ஆள் உசரத்துக்கு. பாதை எங்கேடா? ஓ, இந்தப் புள்ளிக் கோடா!

நானும் நடந்தவன்தான். மேலே இல்லை, கீழே. நம்ம கோலார் தங்கவயல் சாம்பியன் சுரங்கம் மூணு கிலோமீட்டருக்கு மேல ஆழம். கூண்டுல இறங்கி, லெவல்ல நடந்து போயி, அப்பாலதான் வேலை. எத்தினி அடி நடந்தோம்னு எவனும் எண்ணலை. எத்தினி டன் கல்லு வந்துதுன்னு ஒண்டி எண்ணினாங்க. 2001ல சுரங்கத்தை மூடினாங்க. அன்னிக்கும் நடந்துதான் வூட்டுக்கு வந்தேன்.

உன் வாட்ச் பத்தாயிரம் அடி கேக்குதா? அது எங்கேர்ந்து வந்துது தெரியுமா? 1965ல ஜப்பான்ல ஒரு கம்பெனி அடி எண்ணற கருவி வித்துது. அதுக்கு 'பத்தாயிரம் அடி அளப்பான்'னு பேரு வச்சான். வியாபாரி வச்ச பேருதான் இப்போ வைத்தியமா ஆயிடுச்சு. அதே 1965ல நம்ம சுரங்கத்து ஆழத்துல விஞ்ஞானிங்க வளிமண்டலத்துல உண்டாகற நியூட்ரினோவைப் பிடிச்சாங்க. பூமியையே துளைச்சுக்கினு போற சாமான் அது. ட்ரெயில் போட்டுக் குடுன்னு அது யாரையும் கேக்கலை.

கோவிச்சுக்காதே. காசை வேண்டாம்னு சொல்ற ஆளு நான் இல்லை. 2013 கம்பெனிச் சட்டப்படி பெருசா லாபம் பாக்கற கம்பெனி, மூணு வருஷ லாபத்தோட சராசரியில நூத்துக்கு ரெண்டு பங்கு ஊருக்குச் செய்யணும். சட்டத்துக்குப் பயந்து குடுக்கறது தருமமா வரியான்னு பட்டிமன்றம் வேணாம், வாங்கிக்க. ஆனா ஒண்ணு. வருஷாவருஷம் இழுக்கற வேலைன்னாலும், தொடங்கின வருஷத்தைத் தள்ளி மூணு வருஷந்தான் கணக்காம். முள்ளுச்செடிக்கு அந்தச் சட்டம் தெரியுமா? அதுக்கடுத்த வருஷ மழையில அது உன் செல்பி மேடை மேலயே ஏறிக் குந்திக்கும். வெட்டறவனுக்குக் கூலி யாரு குடுப்பாங்க? உன் படத்துல அந்தக் கணக்கு எங்கே? யானை வாங்கினவன் அங்குசத்துக்குக் காசில்லைன்னானாம்.

இது இன்னா, சைனைடு மேட்டு மேல கோடு போகுது? 'கே.ஜி.எஃப்' சினிமா எடுத்த எடம்னா? அடப்பாவி, அது தங்கத்தை எடுத்துக்கினு கொட்டின கழிவுடா! காத்தடிச்சா எங்க சோத்துல வுழுந்த தூசு அது. கல்லுத்தூசு தின்னு நெஞ்சு போன ஆளுங்க ஒவ்வொரு தொழிலாளி லைன்லயும் இருந்தாங்க. அங்கே ஏத்தி மூச்சுப் பயிற்சி குடுக்கறியா?

சுரங்கத்தை நடத்தின வெள்ளைக்காரத் துரைங்களும் காத்து வாங்க எடம் பண்ணாங்க. கோல்ப் மைதானம், கிளப்பு. நம்ம ஆளும் அந்தப் புல்லுல நடந்தான், துரையோட பையைத் தூக்கிக்கினு.

பாதைக்கு தருமம் பண்றது நமக்குப் புதுசா இன்னா? மதுரையை ஆண்ட ராணி மங்கம்மா சாலை போட்டா, சத்திரம் கட்டினா. ராணியை வுடு. புள்ளைத்தாச்சியா செத்துப்போன பொண்ணு பேர்ல ஏழைக் குடும்பம் சுமைதாங்கி நட்டுச்சு. ரெண்டு கல்லு நிக்கும், ஒண்ணு குறுக்கே படுக்கும், அம்புட்டுத்தான். தலையில கட்டோட வரவ, ஒருத்தர் கைப்பிடிக்காம தானே இறக்கி வைக்கலாம், தானே ஏத்திக்கலாம். சுமக்கறவ கழுத்து உசரத்தை அளந்து வச்ச கல்லு அது. உன் கிரானைட்டை யாரு உசரத்துக்கு அளந்தே? திறக்க வர்ற மந்திரி உசரத்துக்கா?

பெங்களூர்ல சர்ஜாபூர் ரோட்டுல கைகொண்டரஹள்ளி ஏரி இருக்குது, போய்ப் பாரு. 2009 வாக்குல மாநகராட்சியும் அக்கம்பக்கத்து சனமும் சேர்ந்து எடுத்துக் கட்டினாங்க. சுத்தி நடைபாதை. அதோட, மாட்டுக்குப் புல்லு அறுக்கறவனையும் தொரத்தலை. அவன் கால் பட்டா பாதை அழுக்காயிடுமா இன்னா?

இங்கே யாரு நடக்கறாங்கன்னு விசாரிச்சியா? விடியறதுக்கு முன்ன லைன் வூட்டுலேர்ந்து சாம்பியன் ஸ்டேஷனுக்கு ஓடறாங்களே, பெங்களூர் ரயிலைப் பிடிக்க, அவங்க. சுரங்கம் மூடின ஊருக்கு அந்த ரயில்தான் சோறு. அந்தப் பாதையில வெளக்கு இல்லை, சாக்கடைக்கு மூடி இல்லை. அதுக்குப் பேரும் இல்லை, அதனால உன் படத்துலயும் இல்லை.

நாளைக்கு விடியக்காலை வா, நடந்து காட்டறேன். பைக்கை வூட்டுலயே வுட்டுட்டு, ஒரு டார்ச் லைட்டு கொண்டா.